ரௌலிங்கைத் திட்டுங்கோ, ஆனா வாசிச்சிட்டுத் திட்டுங்கோ

முக்கால்_மேடை எழுதியது:

கனநாளா எழுதோணும் எண்டு இருந்தனான், போன கிழமை எங்கட வாசகர் வட்சப் குறூப்பில நடந்ததோட அடக்க ஏலாமப் போச்சு. பிள்ளையளுக்குப் பழைய புத்தகம் மாத்துற ஒரு நாள் வைக்கிறம், வெள்ளவத்தையில, ஆர் என்ன கொண்டு வாறியள் எண்டு கேட்டா ஒரு தங்கச்சி "ஹரி பொட்டர் மட்டும் வேண்டாம், அந்த மனுசி காசுக்கு வெறுப்பு விக்கிறவ" எண்டு போட்டிட்டா. கீழ லைக் மேல லைக். அவா எழுதினதில எதை வாசிச்சனீங்கள் எண்டு கேட்டன். வாசிக்கத் தேவையில்லையாம், எல்லாருக்கும் தெரிஞ்ச விசயமாம்.

முதல்ல ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். ஹரி பொட்டர் எழுதின ஜே.கே. ரௌலிங் திருநர்களைப் பற்றிச் சொல்லுற எல்லாத்தோடையும் நான் உடன்பாடில்லை, எதோட இல்லை எண்டு யாரும் கேட்டா சொல்லுவன். ஆனா "காசுக்கு", "பேரெடுக்க", "வலதுசாரியள் வாங்கிப்போட்டாங்கள்" எண்டுற கதை இருக்கே, அது பச்சைப்பொய்.

2019 டிசம்பருக்குப் போங்கோ. மாயா ஃபோர்ஸ்டேற்றர் எண்டு ஒரு பொம்பிளை, ஒரு ஆய்வு நிறுவனத்தில வேலை செய்தவ, ஆண் பெண் எண்ட உடல் வேறுபாட்டை மாத்த ஏலாது எண்டு ட்விட்டரில எழுதினதுக்குப் பிறகு அவவின்ர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கேல்லை. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போய் முதல் சுற்றில தோத்திட்டா. அப்பதான் ரௌலிங் வாய் திறந்தவா. விருப்பமான உடுப்புப் போடுங்கோ, விரும்பின பேர் வையுங்கோ, சம்மதமுள்ள ஆரோடையும் வாழுங்கோ, ஆனா உடல்பால் எண்டு ஒண்டு இருக்குது எண்டு சொன்னதுக்கு ஒரு பொம்பிளையை வேலையால கலைக்கிறதோ எண்டு, இவ்வளவும் ஒரே ட்வீட்டில.

அந்த நேரம் அவாவுக்கு என்ன குறை? ஏழு புத்தகம், எட்டுப் படம், எடின்பரோவில குடும்பம், உலகம் முழுக்கப் பிள்ளையள் தலையில வைச்சுக் கொண்டாடின பேர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா இண்டைக்கும் எல்லாருக்கும் செல்லம். இதால அவாவுக்கு வந்த லாபம் என்ன எண்டு ஒராள் சொல்லுங்கோ பாப்பம்.

2020 ஜூனில ஒரு நீளக் கட்டுரை தன்ர சொந்த இணையத்தளத்தில போட்டா. முதல் கலியாணத்தில அடி வாங்கினது, இருபதுகளில பாலியல் தாக்குதலுக்கு ஆளானது, இதெல்லாம் முதல் தரம் பகிரங்கமாச் சொன்னது அதிலதான். பெண்களுக்கு மட்டுமான இடங்கள் பற்றித் தனக்கு ஏன் இவ்வளவு கவலை எண்டதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு எழுதினா. என்ன நடந்தது? ரெண்டு நாளுக்குள்ள லண்டன் பத்திரிகை ஒண்டு அந்தப் பழைய புருசனையே தேடிப் பிடிச்சு, ஓம் அடிச்சனான் கவலையில்லை எண்டு அவன் சொன்னதை முன்பக்கத்தில போட்டுது. அதே வருசம் ஓகஸ்ட்டில ரொபேட் கெனடி மனித உரிமை அமைப்பு குடுத்த விருதைத் திருப்பிக் குடுத்தா, அந்த அமைப்பின்ர தலைவி தன்னைக் கண்டிச்சதால. விருதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கலாம், கன எழுத்தாளர்மார் அதைத்தான் செய்வினம்.

காசு எண்டு சொல்லுறியள். காசு வந்த பக்கம் இல்லை அது, போன பக்கம். 2022 டிசம்பரில எடின்பரோவில பெய்ராஸ் பிளேஸ் எண்டு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு நிலையம், அவாட சொந்தக் காசில. 2024இல ஸ்கொட்லாந்துப் பெண்கள் அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 70,000 பவுண்ஸ். இதை எல்லாம் பிழை எண்டு வாதாடுங்கோ, நான் இருந்து கேக்கிறன். வேசம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

கொட்டாஞ்சேனை_டீ எழுதியது:

அக்கா இவ்ளோ நீளமா எழுதினா ஒஃபிஸ் நேரத்தில எப்பிடி வாசிக்கிறது, பொஸ் பின்னால நிக்கிறார். பாதி வாசிச்சேன். உடன்படுறேன்னு நினைக்கிறேன். மிச்சத்த பஸ்ல வாசிச்சிட்டு மாத்திச் சொல்லலாம்.

மழைக்குருவி எழுதியது:

முக்கால் மேடை அக்கா, அந்த வட்சப் குறூப்ல இருந்தது நான் இல்ல, ஆனா அந்தப் பொண்ணு இடத்துல நான் இருந்தாலும் புத்தகம் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், அதனால பதில் சொல்றேன்.

காசுக்கு செய்யலன்னே வச்சுக்குவோம். சரி. அதுக்காக? தான் நம்புறத விடாம சொல்றது மட்டும் ஒரு பெரிய நற்குணமா? எங்க ஊர்ல ஒரு மாமா இருந்தார், பொம்பளப் பிள்ளைங்க ஏஎல் படிக்கக் கூடாதுன்னு சாகுற வரைக்கும் சொன்னார், ஒரு சதம் லாபம் இல்லாம சொன்னார், சொந்த மகள் பேசாம விட்டும் சொன்னார். நேர்மையான மனுஷன்தான். அதனால என் அக்காவோட படிப்பு போனது போகாம இருந்துச்சா?

அடுத்தது, அவங்க எழுதினதப் பத்தி நீங்க 2020ல நின்னுட்டீங்க. அதுக்குப் பிறகு நடந்தது? 2024 ஏப்ரல் முதலாம் திகதி ஸ்கொட்லாந்துல வெறுப்புக் குற்றச் சட்டம் வந்த அன்னிக்கு ஒரு வரிசை போட்டாங்களே, பேர் பேரா, படத்தோட. அதுல பாலியல் குற்றத்துக்கு தண்டனை வாங்கினவங்களும் இருந்தாங்க, டிவியில வேல செய்ற, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத திருநங்கைகளும் இருந்தாங்க. எல்லாரும் ஒரே கயிறுல. கடைசில இவங்க எல்லாரும் ஆம்பளைங்கதான், முடிஞ்சா என்ன கைது பண்ணுங்கன்னு. 2020 கட்டுரைய எழுதின ஆளா இது? கோடிக்கு மேல ஆளுங்க பின்தொடர்ற கணக்கு அது. அந்த வரிசைல இருக்குற ஒருத்தருக்கு அன்னிக்கு ராத்திரி இன்பொக்ஸ் எப்பிடி இருந்திருக்கும்?

அதே வருசம் பரிஸ் ஒலிம்பிக்ல இமான் கெலிஃப். அல்ஜீரியால பொண்ணாப் பிறந்து, பொண்ணா வளந்து, பாஸ்போட்டும் பொண்ணுன்னு இருக்குற ஒரு பொக்ஸர். இத்தாலிக்காரி 46 செக்கனுல போட்டிய விட்டுட்டுப் போனாங்க, உடனே ரௌலிங் அந்தப் படத்தப் போட்டு, இது ஒரு ஆம்பளையோட ஏளனச் சிரிப்புன்னு எழுதினாங்க. அவங்க திருநங்கை கூட இல்ல. இதுதான் நீங்க சொல்ற நேர்மையா?

புதுக்கடை_கறுப்புக்கோட் எழுதியது:

தீர்ப்புகளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுறதால ரெண்டைப் பற்றி மட்டும் தெளிவாச் சொல்லிட்டுப் போறன், பக்கம் எடுக்க வரேல்லை.

ஒண்டு ஃபோர்ஸ்டேற்றர் வழக்கு. முதல் சுற்றில தோல்வி எண்டு மேல இருக்குது, சரி. 2021 ஜூனில மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாத்தினது: அந்த நம்பிக்கை பிரித்தானியாவின்ர 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தால பாதுகாக்கப்பட்ட நம்பிக்கை. 2022இல அவவுக்குப் பாகுபாடு காட்டப்பட்டது எண்டு முடிவாச்சு, 2023இல ஒரு இலட்சம் பவுண்ஸுக்கு மேல நட்டஈடு. ஆனா ரௌலிங் ரசிகர்மார் சொல்லாத பாதி ஒண்டு இருக்குது. அதே 2021 தீர்ப்பு, இந்த நம்பிக்கை உள்ளவை திருநர்களை விரும்பினபடி எல்லாம் பால் மாத்திக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யலாம் எண்டு அர்த்தமில்லை எண்டும் எழுதி வைச்சிருக்குது.

மற்றது, மேல சொன்ன ஸ்கொட்லாந்துப் பெண்கள் அமைப்பின்ர வழக்கு, பிரித்தானிய சுப்ரீம் கோர்ட், 2025 ஏப்ரல் 16. ஐந்து நீதியரசர்கள், ஏகமனதான தீர்ப்பு. சமத்துவச் சட்டத்தில ஆண், பெண், பால் எண்டு வாற இடத்தில உயிரியல் பாலைத்தான் குறிக்கும், பால் மாற்றச் சான்றிதழ் வைச்சிருந்தாலும் அந்தச் சட்டத்தின்ர தேவைக்கு அது மாறாது. இதின்ர தொடக்கம் என்னெண்டு பாத்தா, ஸ்கொட்லாந்தின்ர 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு, அரச சபைகளில பாதிப்பேர் பெண்கள் இருக்கோணும் எண்டது. அந்தப் பாதிக்குள்ள ஆரை எண்ணுறது எண்ட கேள்விதான் லண்டன் வரைக்கும் போனது. பால் மாற்றம் எண்டதும் அதே சட்டத்தில பாதுகாக்கப்பட்ட ஒரு தன்மை, அதால திருநர்களை வேலையால கலைக்கிறதோ தொந்தரவு செய்யிறதோ இப்பவும் சட்டவிரோதம். இதை ஒரு பக்கத்தின்ர வெற்றி எண்டு வாசிக்க வேண்டாம் எண்டு தீர்ப்பை வாசிச்ச லோட் ஹொட்ஜ் சொன்னவர். அண்டைக்கே ரௌலிங் சுருட்டும் கையுமா படம் போட்டவா எண்டது வேற கதை.

சிங்கக்குட்டி_77 எழுதியது:

அப்பிடிப் போடுங்க அக்கா. இதெல்லாம் வெள்ளக்காரன் கொண்டு வந்த வியாதி. ரௌலிங் மாதிரி நாலு பேர் நம்ம நாட்டுலயும் இருந்தா இந்த மாதிரி ஆளுங்கள எல்லாம் [மட்டுறுத்துநர் நீக்கியது]

முக்கால்_மேடை எழுதியது:

சிங்கக்குட்டி, உங்களுக்கு முதல்ல பதில் சொல்லிட்டு மற்ற ஆக்களிட்டை வாறன். நீங்கள் என்ர பக்கம் நிக்க வேண்டாம். நீங்கள் கும்பிடுற இந்த ரௌலிங்தான் டம்பிள்டோர் ஒரு ஓரினச்சேர்க்கையாளர் எண்டு 2007இல நியூயோர்க் மேடையில வைச்சுச் சொன்னவா. அயர்லாந்தில ஒரே பால் கலியாணத்துக்கு மக்கள் வாக்குப் போட்டு வெண்டபோது சந்தோசப்பட்டு எழுதினவா. வெள்ளைக்காரன் கொண்டு வந்தது எது தெரியுமோ? ஒரே பால் உறவைக் குற்றமாக்கின எங்கட தண்டனைச் சட்டக்கோவையின்ர 365ஆம் பிரிவு. 1883. அதுக்கும் முன்னால 1841இல அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், இண்டைக்கும் பொலிஸ் ரோட்டில நிக்கிற திருநங்கையளைப் பிடிக்கப் பாவிக்கிறது. ரெண்டும் விக்ரோறியா மகாராணி காலத்துச் சாமான்.

மழைக்குருவித் தங்கச்சி, உங்கட கேள்வியள் நல்ல கேள்வியள். சுத்தி வளைக்காமச் சொல்லுறன். அந்த ஏப்ரல் வரிசை எனக்குப் பிடிக்கேல்லை. ஒரு குற்றவாளியையும் ஒரு செய்தி வாசிக்கிறவவையும் ஒரே மூச்சில சொல்லுறது அநியாயம், சட்டம் எவ்வளவு மோட்டுச் சட்டமா இருந்தாலும். அதைச் சோதிக்கிறதுக்குத் தண்டனை வாங்கினவையின்ர பேரே போதும். கெலிஃப் விசயத்திலயும் அவா அவசரப்பட்டவா எண்டுதான் நான் நினைக்கிறன், ஒரு படத்தைப் பாத்திட்டு ஒரு பிள்ளையின்ர சிரிப்புக்கு அர்த்தம் சொல்லுற அளவுக்கு ஆருக்கும் உரிமை இல்லை. 2023இல வேறொரு குத்துச்சண்டைச் சம்மேளனம் அந்தப் பிள்ளையைத் தகுதி நீக்கம் செய்தது எண்டதை வைச்சு வாதாடினவை இருக்கினம், அது வாதமா இருக்கலாம். அந்த ட்வீட் வாதமில்லை, ஏச்சு.

உங்கட மாமாவின்ர கதைக்கு வாறன். மாமா நேர்மையானவர், ஆனா பிழையானவர் எண்டு நீங்களே சொல்லுறியள் பாருங்கோ. அப்பிடித்தான் சொல்லோணும். ஆராவது வந்து "உன்ர மாமா பக்கத்து வீட்டுக்காரனிட்டைக் காசு வாங்கிக்கொண்டுதான் இதைச் சொன்னவர்" எண்டு சொன்னா உங்களுக்குக் கோவம் வராதோ? அதோட, மாமாவோட வாதாடி வெல்லுறதுக்கு வேற வழி வேணும். காசுக்குச் சொன்னா எண்டு முடிச்சா வாதாடத் தேவையே இல்லை, அதாலதான் எல்லாரும் அந்த வழியை எடுக்கினம். லேசு.

மாளிகாவத்த_வாசகன் எழுதியது:

சலாம் எல்லாருக்கும். நான் ரெண்டு நாளா இத வாசிச்சிட்டு ஈக்கிறேன், ஒரு விஷயம் உறுத்துது.

எழுத்தாளர் வெல குடுத்தாங்க வெல குடுத்தாங்கன்னு சொல்றீங்க தாத்தா. வெலன்னா என்னன்னு நம்ம நாட்டுல பாருங்களே. சக்திக சத்குமார சிங்களத்துல ஒரு சிறுகத எழுதினாரு, 2019 ஏப்ரல்ல பிடிச்சாங்க, நாலு மாசத்துக்கு மேல ரிமாண்ட்ல. எந்தச் சட்டம்? ஐசிசிபிஆர் சட்டம். சர்வதேச மனித உரிம ஒப்பந்தத்த நாட்டுக்குள்ள கொண்டு வாறதுக்குப் போட்ட சட்டம் அது, அதாலயே ஒரு எழுத்தாளன உள்ள போட்டாங்க. அப்பறம் நம்ம அஹ்னாஃப் ஜஸீம். மன்னாரு பக்கம் ஒரு வாத்தியாரு, இருவத்தஞ்சு வயசு கவிஞரு. "நவரசம்"னு ஒரு கவிதத் தொகுப்பு. 2020 மே மாசம் பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிச்சு, 2021 டிசம்பர் வரைக்கும் உள்ள. 2023 டிசம்பர்லதான் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதல செஞ்சிச்சு. அந்தப் புத்தகத்துல வன்முறைக்கு எதிராவே கவித ஈக்கி.

அவருக்கு எடின்பரோல மாளிக இல்ல, வக்கீலுக்கு அள்ளிக் குடுக்க பவுண்ஸும் இல்ல. ரௌலிங்குக்கு நாலு நடிகர் எதிரா அறிக்க விட்டாங்க, விருது போச்சு, அவ்ளதானே? புத்தகம் இன்னமும் காலி வீதில எல்லாக் கடையிலயும் அடுக்கி ஈக்கி. புதுசா சீரியல் வேற எடுக்கிறாங்களாம். இத வெலன்னு சொல்லாதீங்க, மனசுக்கு ஒரு மாதிரி ஈக்கி.

முக்கால்_மேடை எழுதியது:

தம்பி, அஹ்னாஃபோட ரௌலிங்கை ஒரு தராசில வைக்க நான் வரேல்லை, வைச்சா அவா மேல போயிடுவா, தெரியும். எங்கட பக்கம் எழுதின பொம்பிளையளுக்கு என்ன நடந்தது எண்டும் தெரியும். ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில யாழ்ப்பாணத்தில சைக்கிளில வீட்டை வாற வழியில சுடப்பட்டவா, எல்லாப் பக்கத்தையும் எழுதினதுக்கு. கவிஞர் செல்வியை 1991இல கொண்டு போனது, திரும்பி வரேல்லை. அந்தக் காலத்தில அவையைப் பற்றி என்ன சொன்னவங்கள்? காசு வாங்கினவ, ஆரோ பின்னால நிக்கிறாங்கள் எண்டு. நான் அப்ப சின்னப்பிள்ளை, ஆனா வீட்டில பெரிய ஆக்கள் குரலைத் தணிச்சுக் கதைச்சது ஞாபகம் இருக்குது. "காசுக்கு எழுதுறவ" எண்ட பேச்சைக் கேட்டா எனக்குத் தலை கொதிக்கிறதுக்கு அதுதான் காரணம், ரௌலிங்கில எனக்கு இருக்கிற பாசம் இல்லை. பாசமும் இருக்குது, மறைக்கேல்லை.

ஆனா காசு இருந்தா பயம் இல்லை எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. 2021 நவம்பரில அவாட வீட்டு வாசலில நிண்டு, விலாசம் தெரியிற மாதிரி படம் எடுத்து ட்விட்டரில போட்டவங்கள், வீட்டில பிள்ளையள் இருக்கினம். 2022 ஓகஸ்ட்டில சல்மான் ருஷ்டிக்குக் கத்திக்குத்து விழுந்தபோது அவருக்கு ஆறுதல் எழுதினா, கீழ ஒருத்தன் வந்து அடுத்தது நீ எண்டு எழுதினான். இது விலை இல்லை எண்டு சொல்லுறது கஸ்டம்.

அஹ்னாஃபின்ர வழக்கில இன்னுமொண்டு பாருங்கோ. அந்தப் புத்தகத்தை முழுசா வாசிச்சவை குற்றம் கண்டதில்லை. அங்கொரு வரி இங்கொரு படம் எண்டு பிச்சு எடுத்தவைதான் கண்டவை. அவருக்கு எதிரா நிண்டதும் அதே "வாசிக்கத் தேவையில்லை, தெரியும்" தான்.

மாளிகாவத்த_வாசகன் எழுதியது:

அந்தக் கடசிப் பந்தி சரி. மத்தது யோசிக்கணும்.

மழைக்குருவி எழுதியது:

அக்கா, கட்டுரைய வாசிக்காமப் பேசுறேன்னு நினைக்காதீங்க. நேத்து ராத்திரி மறுபடியும் முழுசா வாசிச்சேன். திருநர்கள்ல பெரும்பாலானவங்களால யாருக்கும் ஆபத்து இல்ல, அவங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதுல எனக்கு கோவமே இல்ல. என் கோவம் எங்கன்னா, அடி வாங்கின ஒரு பொண்ணோட பயம் அதுல முழுசா இருக்கு, பக்கம் பக்கமா. எதிர்ப்பக்கம் நிக்கிற பொண்ணோட பயத்துக்கு ஒரு பந்திதான். அதுவும் "அவங்களும் பாவம்தான்" மாதிரி ஒரு பந்தி. அதுக்குப் பிறகு வந்த வருசங்கள்ல அந்த ஒரு பந்தியும் காணாமப் போயிருச்சு. நீங்க மாறலன்னு சொல்றீங்க. நான் மாறிட்டாங்கன்னு சொல்றேன்.

முக்கால்_மேடை எழுதியது:

நிலைப்பாடு மாறேல்லை, தொனி மாறினது. தொனி மாறினது உண்மை. நாலு வருசம் ஒவ்வொரு நாளும் கொல்லுவன் வெட்டுவன் எண்டு வாசிச்ச ஆளின்ர தொனி எப்பிடி இருக்கும் எண்டு யோசிக்கிறன். அது காரணம், சாட்டு இல்லை எண்டும் தெரியும். ஹரி பொட்டர் படத்தில நடிச்ச எம்மா வட்சன் 2025இல ஒரு பொட்காஸ்டில பிரியத்தோடதான் கதைச்சவ, அதுக்கு ரௌலிங் எழுதின பதில், இந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை அனுபவமே இல்லை, தனக்குத் தெரியாது எண்டதே தெரியாது எண்டு, வாசிக்க எனக்கே சுருக்கெண்டது. ஆனா அதிலயும் ஒரு விசயம் இருந்தது: பதினாலு வயசில காசுக்காரியான பிள்ளைக்கு அரச ஆஸ்பத்திரி வாட்டும் பொது உடுப்பு மாத்துற அறையும் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாது, நான் வறுமையில இருந்துதான் அந்தப் புத்தகத்தை எழுதினனான் எண்டு. அது பொய் இல்லை. சின்னப் பிள்ளையைத் தனிய வளர்த்து, அரச உதவிப் பணத்தில சீவிச்ச ஆள்தான் அவா.

கொட்டாஞ்சேனை_டீ எழுதியது:

பஸ்ல வாசிச்சிட்டேன். பொரளைல இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் ட்ராஃபிக், எல்லாக் கொமென்டும் முடிஞ்சிருச்சு. ஒரு கேள்வி. இந்த இழையில எல்லாரும் திருநங்கைகளப் பத்திப் பேசுறாங்க. ஒருத்தர்கிட்டயாவது கேட்டீங்களா?

கொழும்பு13 எழுதியது:

கேக்கல. நானே சொல்றேன்.

நான் திருநங்கை. பேர் வேணாம், ஊர் மேல இருக்கு. ஹரி பொட்டர் ஏழும் வாசிச்சவ, அதுவும் ஒழிச்சு வச்சு. எங்க சேர்ச்சுல ஒரு ஆண்ட்டி அது சூனியப் புத்தகம்னு சொன்னாங்க, அமெரிக்கால சபைக்காரங்க நெருப்பு வச்ச காலம் அது. படிக்கட்டுக்கு அடியில இருக்குற அறை, வேற பேர்ல வேற வாழ்க்க ஒண்ணு எங்கயோ இருக்குன்னு வாற கடிதம். எனக்கு ஏன் அந்தக் கத பிடிச்சுதுன்னு விளக்கணுமா?

இங்க 2016ல சுகாதார அமைச்சு சுற்றுநிருபம் வந்தது, பால் அங்கீகாரச் சான்றிதழ். மனநல டொக்டர் பாக்கணும், ஹோர்மோன் சிகிச்ச எடுக்கணும், அந்தச் சான்றிதழ் கிடச்சதும் பிறப்புச் சான்றிதழ மாத்தலாம், பிறகு ஐடி. கேக்க லேசா இருக்கு. நான் ஒரு ஒஃபிஸ்ல வரிசையில நின்னேன். அந்த ஐயா என் பழைய ஐடிய எடுத்தார், முகத்தப் பாத்தார், ஐடியத் திருப்பினார், பின்பக்கத்துல நான் இருப்பேன்னு நினச்சார் போல. பிறகு பக்கத்து மேசைக்காரரக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மூணாவது ஆளக் கூப்பிட்டார். சத்தமா ஒண்ணும் சொல்லல யாரும். என் பின்னால நின்ன அம்மா மட்டும் "பிள்ளைக்கு நேரமாகுது, வேலையப் பாருங்க மாத்தயா"ன்னு சிங்களத்துல ஏசினாங்க. அந்த அம்மாவுக்கு ரௌலிங்கும் தெரியாது லண்டன் தீர்ப்பும் தெரியாது.

முக்கால் மேடை அக்கா, நீங்க சொல்றது சரி, அவங்க காசுக்குச் சொல்லல. எனக்கு அது எப்பவோ தெரியும். நேர்மையாத்தான் சொல்றாங்க. அதுதான் வலிக்குது. பொய்க்காரின்னா விட்டுட்டுப் போயிருப்பேன். உங்கள மாதிரி ஆளுங்க "அவங்க நேர்மையானவங்க"ன்னு நிறுவிட்டு சந்தோசமா தூங்கப் போறீங்க, எனக்கு அங்கதான் தொடங்குது.

முக்கால்_மேடை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதினதுக்கு நன்றி. சந்தோசமா நித்திரைக்குப் போற எண்ணம் இல்லை. ஆனா நான் தொடங்கின விசயத்தை விட்டுட்டு ஓடவும் ஏலாது, ஓடினா உங்களுக்கும் பிடிக்காது எண்டு நினைக்கிறன். காயப்படுத்துது எண்டதும் உண்மை, வேசம் இல்லை எண்டதும் உண்மை. ஒண்டைச் சொல்லுறதுக்காக மற்றதை அழிக்க நான் தயாரில்லை.

பெண்களுக்கான சிறைக்கூடம், அடி வாங்கின பெண்கள் தங்குற இடம், இதில அவா கேக்கிற கேள்வியை நான் நியாயமான கேள்வி எண்டுதான் நினைக்கிறன். 2023 தொடக்கத்தில ஸ்கொட்லாந்தில வன்புணர்வுக் குற்றவாளி ஒராளை முதல்ல பெண்கள் சிறையில வைச்சு, பிறகு நாடே கொந்தளிச்சு மாத்தினவங்கள், அது கற்பனை இல்லை. ஆனா உங்கட ஐடி, உங்கட வரிசை, அந்த மூண்டு மேசைக்காரர், இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவாவை மேற்கோள் காட்டி உங்கட சான்றிதழில கை வைக்க இங்க ஆராவது வந்தா, அந்த இடத்தில நான் உங்கட பக்கம்.

புதுக்கடை_கறுப்புக்கோட் எழுதியது:

அப்பிடி வாற ஆக்கள் இருக்கினம், சும்மா சொல்லேல்லை. 2023 மேயில 365, 365ஏ திருத்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு எங்கட உயர் நீதிமன்றமே சொல்லியும், சட்டமூலம் அங்கேயே நிண்டு போச்சு. எதிர்த்துப் போன மனுக்களில ஒண்டும் ரௌலிங்கை வாசிச்சு எழுதினது மாதிரித் தெரியேல்லை, ஆனா ஃபேஸ்புக்கில அவாட படத்தைப் போட்டு ஒரே பால் உறவுக்காரரை ஏசுற பக்கங்கள் கனக்க. அவா கண்டா வழக்குப் போடுவா.

கொழும்பு13 எழுதியது:

அக்கா, நீங்க எல்லாரையும் வாசிக்கச் சொல்றீங்க, அதனால நானும் ஒண்ணு வாசிச்சுக் காட்டுறேன். 2020 ஜூன் 6, அந்தப் பெரிய சண்ட தொடங்கின அதே நாள். திருநரா இருக்குறதுக்காக உங்களுக்குப் பாகுபாடு நடந்தா நான் உங்களோட ஊர்வலம் வருவேன்னு எழுதினாங்க. அவங்க கையால எழுதினது. அதுக்குப் பிறகு எவ்ளோ நடந்திச்சு. எந்த ஊர்வலத்துல நடந்தாங்க?

முக்கால்_மேடை எழுதியது:

நான் கண்டதில்லை. இதுக்கு முட்டுக் குடுக்க மாட்டன். அவா எழுதினதை வைச்சே அவாவைப் பிடிச்சிருக்கிறியள், இந்த இழையில ஆரும் கேட்டதில நல்ல கேள்வி இதுதான். அவாட எக்ஸ் பக்கத்தில இதை அப்பிடியே கேட்டுப் போடுங்கோ. இங்கிலீசில எழுத உதவி வேணுமெண்டா நான் எழுதித் தாறன்.

கொழும்பு13 எழுதியது:

இங்கிலீஷ் எனக்கு வரும் அக்கா. அங்க போட்டா கீழ வாற கொமென்ட்ஸ எனக்குப் பதிலா நீங்க வாசிப்பீங்களா?

முக்கால்_மேடை எழுதியது:

வாசிக்கிறன். போட்டிட்டு லிங்கை இங்க தாங்கோ, நோட்டிஃபிகேசனை நீங்கள் ஓஃப் பண்ணி வையுங்கோ.